தொட்டியில் வெல்ல வாசம்

தொட்டியிலிருந்து நல்ல வாசம் வருகிறது என்று முதலில் சொன்னது சரசம்மாதான்.

பக்கத்து ஊரில் மாடு வைத்திருப்பவள், தொட்டிக்குச் சாணி கொண்டுவருபவள் அவள். சாணிக் கூடையை இறக்கிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தவள், பாதியில் நிறுத்தி, மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்துப் பார்த்தாள். "ஏம்மா டெல்பினு, உள்ள வெல்லம் காச்சறீங்களா?" என்று கேட்டாள். டெல்பின் சிரித்துவிட்டு இல்லை என்றாள். ஓசூருக்கு வெளியே, கெலவரப்பள்ளி போகிற பக்கம், ஒரு ஃபேக்டரியும் அதில் வேலை செய்யும் பெண்களின் ஹாஸ்டலும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. ஹாஸ்டலின் அத்தனை மாடிகளிலிருந்தும் கக்கூஸ் தண்ணீரும் குளித்த தண்ணீரும் வந்து சேர்கிற சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டி அது. அங்கே வந்து வெல்லம் காய்ச்ச வேண்டும் என்று எவருக்கும் தலையெழுத்து இல்லை.

டெல்பினும் ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கொரோனாவில் போன அவள் மூக்கு திரும்பி வரவே இல்லை. நாள் முழுக்கக் கழிவுநீரைக் கண்ணாடி சிலிண்டரில் பிடித்துச் சோதிக்கும் வேலைக்கு அது பெரிய வரம் என்று எட்சன் கேலி செய்வான். எட்சன் அவள் கணவன், அங்கே ஆபரேட்டர். ஆரம்பத்தில் மீன் குழம்பு கொதிப்பது தெரியவில்லையே, துவைத்த சட்டைக்கும் துவைக்காத சட்டைக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று அழுதிருக்கிறாள். அப்புறம் அழுகை நின்றது. மூக்கோடு சேர்ந்து உள்ளே வேறு எதுவோ அணைந்து போயிற்று. சந்தோஷம் வந்தாலும் துக்கம் வந்தாலும், சுவருக்கு அந்தப் பக்கம் யார் வீட்டிலோ டி.வி. ஓடுகிற மாதிரிதான் அவளுக்குக் கேட்டது. அதற்காக அவள் வருத்தப்பட்டதுகூட இல்லை.

சரசம்மா சொன்ன மறுநாள் எட்சனும் சொன்னான். காலையில் தொட்டியோரம் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவன், பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஆலையில் பாகு இறக்குகிற மாதிரி இருக்கிறது என்றான். சொல்லிவிட்டு அங்கேயே வெகுநேரம் நின்றான்.

அந்தத் தொட்டி செத்துப் பிழைத்த தொட்டி.

கழிவுநீரைச் சுத்தம் செய்வது மெஷின் இல்லை, கிருமிகள். தொட்டி முழுக்கப் பழுப்புச் சேறாக மிதக்கும் கோடானுகோடி உயிர்கள் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். அந்தக் காற்றைத் தொட்டியின் அடியில் ஊதிக்கொண்டே இருப்பதுதான் ப்ளோயர். இரண்டு ப்ளோயர்கள் உண்டு. ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வெடுக்கும். ப்ளோயர் அறைக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒற்றை அறைதான் எட்சனுக்கும் டெல்பினுக்கும் வீடு. தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த ரீங்காரத்தில்தான் தூங்கினார்கள், எழுந்தார்கள், சண்டை போட்டார்கள். ப்ளோயர் நின்றால் எந்த ஆபரேட்டரும் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டுத் தலையைத் தூக்குவான், சோறு வாயில் இருந்தாலும் சரி. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும் வரை அந்தத் தலை இறங்காது.

பழைய மேனேஜர் இருந்தவரை ஆயுத பூஜைக்கு ஓய்வில் இருக்கிற ப்ளோயருக்கு மட்டும் மாலை போடுவார்கள். இந்த வருடம் வந்த விஜயகுமார் பக்தியான மனிதர், நல்லவரும்கூட. சந்தனமும் குங்குமமும் வைத்த மெஷினை மறுநாள் காலை வரை தொடக்கூடாது, உழைக்கிற இரண்டுக்கும் பூஜை, இரண்டுக்கும் ஓய்வு என்று சொல்லிவிட்டார். ஊதாவிட்டால் உள்ளே இருப்பது செத்துப்போகும் என்று சொல்ல எட்சன் வாயைத் திறந்தான். திறந்த வாயில் ஒரு பிடி பொரியைப் போட்டு மூடிக்கொண்டான்.

"நாம சொன்னா வேற மாதிரி எடுத்துக்கிடுவாங்க டெல்பி," என்றான் பிறகு. "ஒரு ராத்திரிதான."

அவளும் சரி என்றாள். அடுத்தவர் சாமி விஷயத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது, வெளியூரில் பிழைக்க வந்த இரண்டு பேருக்கும் யாரும் சொல்லாமலே வந்த புத்தி. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த அறையில் சத்தமில்லாமல் படுத்தார்கள். இருவருக்கும் தூக்கம் வரவில்லை.

விடிந்தபோது தொட்டி கறுத்திருந்தது. சரசம்மாவின் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள், வெல்லத் தண்ணீர் விட்டார்கள், வழக்கமாகச் செய்கிற வைத்தியம் எல்லாம் செய்தார்கள். கறுப்பு மாறவில்லை. ஹாஸ்டலில் நாற்றம் தாங்காமல் பெண்கள் ஃபேக்டரி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் எட்சன் யாரையோ பிடித்து, கர்நாடகா பக்கம் அத்திப்பள்ளி தாண்டி மூடிக் கிடந்த ஒரு பழைய தொட்டியிலிருந்து டேங்கர் லாரியில் சேறு கொண்டுவர ஏற்பாடு செய்தான். உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து கலந்தால் செத்த தொட்டி பிழைக்கும். தயிருக்கு உறை ஊற்றுகிற கணக்குத்தான்.

லாரி டிரைவர் கன்னடக்காரர். குழாயைத் தொட்டிக்குள் விட்டபோது அவர் கையால் தொடவில்லை, ஒரு கம்பால் தள்ளினார். அந்த இடம் மூடி வருடக்கணக்கில் ஆகிறது, ப்ளோயரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், ஊதுவதற்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறது என்று எட்சனிடம் சொன்னார். அப்படி இருக்க முடியாது என்பது டெல்பினுக்குத் தெரியும். வேலை போய்விடுமோ என்ற கவலையில் அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளே தொட்டி பழுப்பாகிவிட்டது. சிலிண்டரின் மேல்பாதியில் நின்ற தண்ணீர், பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்துத் தெரிகிற அளவுக்குத் தெளிந்திருந்தது. விஜயகுமார் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் வாசம்.

கட்டிய நாளிலிருந்து மூடியே கிடந்த, தொட்டியைப் பார்த்த ஹாஸ்டல் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் கம்பி வேலியோரம் நின்று முகத்தை உயர்த்திக் காற்றை இழுத்துவிட்டுப் போனார்கள். பழுத்த வாழை என்றாள் ஒருத்தி, அம்மா வீட்டு அடுப்பங்கரை என்றாள் இன்னொருத்தி, ஆனால் பெரும்பாலும் வெல்லம் என்றுதான் சொன்னார்கள். வேலிக்கு உள்ளே நின்ற டெல்பினுக்கு மட்டும் காற்று வெறும் காற்றாகவே இருந்தது.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. ப்ளோயரின் ரீங்காரம் இறங்கி இறங்கி நின்றது. எட்சன் சோற்றுக் கையை வாய்க்கருகே நிறுத்தித் தலையைத் தூக்கினான். அதில் ஒன்றுமில்லை, எப்போதும் செய்வதுதான். ஆனால் ஜெனரேட்டர் இருமிப் பிடித்து, ப்ளோயர் மறுபடி ஊதத் தொடங்கியபோது அவன் நெஞ்சு பெரிதாக ஏறி இறங்கியது. கிணற்றில் முங்கி எழுந்தவன் விடுகிற மூச்சு அது. பிறகு சோற்றை வாயில் போட்டுக்கொண்டு உப்பு குறைவு என்றான்.

இன்னொரு நாள் சாயங்காலம், மழை பிடித்து ஊற்றிக்கொண்டிருக்க, அவள் லேபில் தனியாக இருந்தாள். ஓடு வேய்ந்த கூரையில் மழை கொட்டுகிற சத்தம், அதற்கு அடியில் ப்ளோயரின் சத்தம், எங்கேயோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம் எல்லாம் ஒன்றாகக் கலந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, இடி இடித்து எல்லா விளக்கும் அணைந்தன. ஜெனரேட்டர் உடனே பிடிக்கவில்லை. ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் மேசைமேல் இருந்த சிலிண்டரைப் பார்த்தாள். அடியில் படிந்திருந்த சேறு ஒரு விரல் அகலம் மேலே ஏறியது. நின்றது. இறங்கியது. மழை வெளிச்சம் கண்ணாடியில் ஆடுகிறது என்று நினைத்தாள். மறுபடி ஏறியது.

குடையில்லாமல் வெளியே வந்தாள். ப்ளோயர் நின்றால் தொட்டி அடங்கி அசையாமல் கிடக்க வேண்டும். அது அடங்கவில்லை. அடியிலிருந்து குமிழிகள் கூட்டமாகக் கிளம்பி மேலே வர, நீர்மட்டம் முழுவதுமாக உயர்ந்து, சுவரில் ஒரு கோடு வரை ஏறி, அங்கே கொஞ்சம் தங்கி, மெல்லத் தணிந்தது. திரும்ப உயர்ந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி எட்சன் நின்றிருந்தான். மழை அவன் திறந்த கண்களுக்குள் விழுந்து வழிந்தது. அவன் கண்ணிமைக்கவில்லை. "என்னங்க," என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. ஜெனரேட்டர் பிடித்தது, ப்ளோயர் ஊதியது, அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, எப்போது வந்தாய் என்று கேட்டான்.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் பாத்திரம் கழுவும்போதுதான் வந்தது. கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவி உருண்டது. அதை எடுத்துத் திரும்பக் கழுவி வைத்தாள்.

சோதனை செய்து பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு பகலில், ராத்திரி ஷிப்ட் முடித்த எட்சன் நன்றாகத் தூங்கும்போது, ப்ளோயர் அறைக்குப் போய்ப் பேனலில் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஓடி வந்து அவன் நெஞ்சில் கையை வைத்தாள். நெஞ்சு அசையவில்லை. மூக்கருகே புறங்கையை வைத்தாள். காற்று இல்லை. உதட்டோரம் மெல்ல நிறம் மாறியது. சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி ஏறி இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது, நிதானமாக, நிம்மதியாகத் தூங்குகிறவன் மூச்சைப் போல. திரும்ப ஓடிப் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். ரீங்காரம் ஏறியதும் பக்கத்து அறையில் அவன் நீளமாக மூச்சை இழுத்தது கேட்டது. அந்த நிமிஷம்தான் அவள் அழுதாள், எத்தனையோ காலத்துக்குப் பிறகு.

அவனை அங்கிருந்து கொண்டுபோய்விட வேண்டும் என்று முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகலாம், வரும் வழியில் டாக்டரைப் பார்க்கலாம் என்று ஸ்கூட்டரில் ஏற்றினாள். அவள் ஓட்டினாள், அவன் பின்னால். அவன் மூச்சு அவள் பிடரியில் சூடாகப் பட்டுக்கொண்டே வந்தது. காம்பவுண்ட் கேட் தாண்டியது. டீக்கடை தாண்டியது. மெயின் ரோட்டில் லாரிகளின் இரைச்சலில் ப்ளோயர் சத்தம் முழுவதும் மறைந்த இடத்தில், பிடரி குளிர்ந்தது. இடுப்பைப் பிடித்திருந்த கைகள் அப்படியே விறைத்துக்கொண்டன. கண்ணாடியில் பார்த்தாள். முகம் சாம்பலாக இருந்தது. ரோட்டின் நடுவிலேயே வண்டியைத் திருப்பினாள், லாரிக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான். கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் பிடரியில் மறுபடி சூடு பட்டது.

"எனக்கு என்னமோ ஆவுதுன்னு தெரியும் டெல்பி," என்றான் எட்சன், வண்டியிலிருந்து இறங்காமலே. "ஆனா வலிக்கல. நீ அந்த வாசத்த ஒருவாட்டி மோந்து பாத்தியன்னா உனக்கும் புரியும்."

அன்று முதல் ப்ளோயரே அவள் பிழைப்பானது. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஆயில் குறைந்திருக்கிறதா, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டிய புருஷன் உயிர் ஒரு ரப்பர் பெல்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரிடம் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்?

சரசம்மாவிடம் சொல்லலாம் என்று தேடிப் போனாள். சரசம்மா சுற்றுச்சுவரோரம் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காய்ந்த சாணிக் கூடை. வீட்டுக்குப் போகவில்லையா என்றதற்கு, போகலாம், என்ன அவசரம் என்றாள். சுவருக்கு வெளியே அவள் மாடுகள் வந்து நின்று, கறக்காத மடியோடு கத்திக்கொண்டிருந்தன. எப்போதும் தெலுங்கில் அவற்றைச் செல்லமாக வைகிறவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் மாடுகள் கத்துவதும் நின்றுவிட்டது.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. வருடாவருடம் இந்த நேரத்தில் லீவு கேட்டு ஹாஸ்டலில் சண்டையே நடக்கும். இந்த வருடம் ஒரு பெண்கூட ஊருக்குப் போகக் கேட்கவில்லை என்று விஜயகுமார் பெருமையாகச் சொன்னார். சாமல்பட்டிக்காரி ராசாத்தியின் அப்பா செத்துப்போன செய்தி வந்ததாம், அவள்கூடப் போகவில்லையாம். சொல்லும்போது அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். அவரும் வீட்டுக்குப் போய் நாளாகிறது என்பதை டெல்பின் அவர் சட்டைக் காலரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அங்கே இருந்த அத்தனை பேரிலும் கேட்டைத் தாண்டி நடக்கக்கூடியவள், வாசம் தெரியாத அவள் ஒருத்திதான். எட்சனை விட்டுவிட்டு எங்கே போவாள்?

பனி இறங்கிய ஒரு சாயங்காலம், டெல்பின் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விஜயகுமார் ப்ளோயர் அறைக்கு வந்தார். தொட்டியோரத்தில் எட்சன் நின்றிருந்தான். ஷிப்ட் முடிந்த பெண்கள் தொட்டியை ஒட்டிய சிமெண்ட் பாதையில் வரிசையாக ஹாஸ்டலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பனிக்குள் அவர்களின் நீலச் சட்டைகளும், ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தமும், செருப்புகள் தேய்கிற சத்தமும் நெருங்கி வந்தன. தொட்டி இப்போது தானாகவே மூச்சு விடுகிறது, அதற்குப் போய் எதற்கு ஊத வேண்டும், இனிமேல் ப்ளோயர் வேண்டாம் என்றார் அவர். பேனலுக்குப் போனார்.

ஆயுத பூஜைக்கு வாயை மூடிக்கொண்டது டெல்பினுக்கு நினைவு வந்தது. குறுக்கே போய் நின்றாள்.

"நிறுத்தாதீங்க சார். நிறுத்துனா அவரு மூச்சு நின்னுரும்."

விஜயகுமார் அவளைக் கனிவாகப் பார்த்தார். அவள் சொன்னதில் அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"தெரியும்மா," என்றார். "எனக்கும் அப்படித்தான்."

அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

ரீங்காரம் இறங்கியது. இறங்கி இறங்கி நின்றது.

அவர் விரல் பொத்தானிலேயே இருந்தது. கண் திறந்திருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது.

வெளியே செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. கதவு வழியே பார்த்தாள். பாதை முழுக்கப் பெண்கள். ஒருத்தி கால் தூக்கியபடி. ஒருத்தி ஜடையைப் பின்னால் தள்ளியபடி. எல்லா வாயும் கொஞ்சம் திறந்திருந்தன. எந்த வாயிலிருந்தும் பனிக்காலத்துப் புகை வரவில்லை. ஹாஸ்டல் ஜன்னல்களில் முகங்கள். சுவரோரம் சரசம்மா. கம்பியைப் பிடித்தபடி எட்சன், அவளைப் பார்த்து.

தொட்டி ஏறியது. இறங்கியது.

விஜயகுமாரின் கையைத் தட்டிவிட்டாள். அது மரக்கட்டையாக விலகி, அந்தரத்திலேயே நின்றது. பச்சைப் பொத்தான் முன்னால் இருந்தது. விரலை நீட்டினாள்.

அப்போதுதான் வந்தது.

முதலில் லேசாக. மூக்கின் உள்ளே, வெகு நாளாகப் பூட்டிக் கிடந்த ஏதோ ஒரு இடத்தில். சூடாக. இனிப்பாக. அடுப்பிலிருந்து இறக்கிய வெல்லப் பாகு. அதன் பின்னாலேயே மீன் குழம்பு, துவைக்காத சட்டை, மழை. போன எல்லாமும். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதைத்தான் சொன்னானா?

இழுக்கக் கூடாது.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாயை இறுக மூடினாள். பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய பிறகு மூச்சு விடலாம். அதுவரை பிடித்துக்கொண்டால் போதும்.

விரல் பொத்தானுக்கு முன்னால் நின்றது.

தொட்டி ஏறியது. இறங்கியது. ஏறியது.

நெஞ்சு முட்டும் என்று காத்திருந்தாள். முட்டவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எட்சன் இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சைப் பொத்தானுக்கும் அவள் விரலுக்கும் நடுவே ஒரு நெல் அளவு இடம் இருந்தது. அழுத்த வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அவசரமாக மட்டும் தோன்றவில்லை.